புதிய ஊரில் சபையின் அங்கத்தினராவது எப்படி?

திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ வளர்ந்து, வேலைக்காகச் சென்னைக்குக் குடிபெயரும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்கள் பல, ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் சென்றும் ஆண்டுக்கணக்கில் விருந்தாளிகளாகவே இருந்துவிடுகின்றன. அவ்வாறு நேராதிருக்க, புறப்படுவதற்கு முன்பே சொந்தச் சேகரத்து (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்து) ஆயரிடம், அதாவது போதகரிடம், அங்கத்துவ மாறுதல் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஞானஸ்நான, திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் சடங்கு) சான்றிதழ்களின் நகல்களும் கையில் இருக்கட்டும். திருமண ஓலை (ஆராதனையில் வாசிக்கப்படும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டிய நேரத்தில்தான் பலர் இவற்றைத் தேடி அலைகிறார்கள்.

புதிய ஆயரை ஆராதனை முடிந்த நெரிசலில் அல்லாமல், வார நாளொன்றில் சந்தித்துக் கடிதத்தைக் கொடுங்கள். பதிவேட்டில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமன்றி ஒவ்வொருவர் பெயரும் ஏறியதா என்று கேட்டறியுங்கள். அங்கத்தினர் சபைக்குத் தரும் சங்கக் காணிக்கையை நிலுவையின்றிச் செலுத்துங்கள். சேகரக் கமிட்டித் தேர்தலில் வாக்களிக்க அது பொதுவாகத் தேவைப்படும்.

பெயர் ஏறிவிட்டதனால் யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி என ஏதேனும் ஒரு பணியை, ஒன்றை மட்டும், ஏற்றுக்கொள்ளுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கணக்கெழுத உட்காரும் ஒரு நாளில் கிடைக்கும் பழக்கம், பல மாதம் கடைசி வரிசையில் அமர்ந்தாலும் கிடைக்காது. திருவிருந்தில் அருகிலிருப்பவர் கைபற்றிச் சமாதான வாழ்த்து கைமாறும்போதும், தெரிந்தவரைத் தேடாமல் பக்கத்தில் நிற்கும் அறியாதவரிடம் திரும்புங்கள்.

பழகிய முறையைத் துறக்க வேண்டுமோ என்று தயங்க வேண்டியதில்லை. சபைகளை ஒன்றிணைக்க 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 28 ஆண்டுகளுக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் ஏற்கெனவே சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றான அந்த இணைப்பில், எந்தச் சபையின்மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறை சுமத்தப்படாது என்ற உறுதி இருந்தது. ஆகவே முழங்காற்படியிடுவதிலும் கீர்த்தனை மெட்டிலும் சேகரத்துக்குச் சேகரம் வேறுபாடு இருப்பது இயல்பு. ஆயினும், "எங்கள் ஊரில் இப்படி இல்லை" என்ற பேச்சை முதல் ஓராண்டுக்காவது தவிர்ப்பது நல்லது.

சொந்த ஊர்க்காரர்களோடு மட்டும் கூடுவது எளிது; அக்கூட்டம் சாதிக் கூட்டமாகிவிடுவதும் அதே அளவுக்கு எளிது என்பதை நம் சபைகள் நன்கறியும். வட்டார ஜெபக்கூட்டத்தை உங்கள் வீட்டிலும் முறை வைத்து நடத்தக் கேளுங்கள். விடுதியில் தங்கியிருப்போரையும் தனித்து வாழும் முதியோரையும் பெயர் சொல்லி அழையுங்கள். குடும்பவாரியாகக் கணக்கெடுக்கும் சேகரங்களில் முதலில் விடுபடுவோர் அவர்களே.