ஒன்ராறியோவில் கஞ்சாக் கடைக்கு இடம் பார்ப்பது எப்படி: கையெழுத்துப் போடுவதற்கு முன்

கனடாவில் கஞ்சா 2018 அக்டோபர் 17 முதல் சட்டபூர்வம். ஒன்ராறியோ மாகாணத்தில் முதல் கடைகள் 2019 ஏப்ரல் 1ஆம் திகதி திறந்தன. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு கடை போட என் மச்சான் முடிவெடுத்தபோது விண்ணப்ப வேலைகளை நான்தான் பார்த்தேன். முதலில் பிடித்த இடம் சரிவரவில்லை, மூன்று மாத வாடகை வீணாகப் போனது. இரண்டாவது இடத்தில் இப்போது கடை நடக்கிறது. கொம்பனி பதிவது, வரிக்கணக்கைச் சரியாக வைத்திருப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடம் தேர்வதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: முகவரி எந்த நகரசபைக்குள் வருகிறது?

தங்கள் ஊரில் கஞ்சாக் கடை வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல மாகாண அரசு நகரசபைகளுக்கு 2019 ஜனவரி 22 வரை அவகாசம் கொடுத்தது. ரொறன்ரோ சம்மதித்தது. மார்க்கம், றிச்மண்ட்ஹில், மிசிசாகா வேண்டாம் என்றன. மிசிசாகா 2023இல் முடிவை மாற்றிக்கொண்டது. வேண்டாம் என்ற ஊர் பிறகு சம்மதிக்கலாம், ஆனால் ஒரு தடவை சம்மதித்தால் அதிலிருந்து பின்வாங்க முடியாது. உரிமம் கொடுப்பது மாகாணத்தின் மதுபான, சூதாட்ட ஆணையம், எல்லோரும் ஏஜிசிஓ என்றுதான் சொல்வோம். அவர்களுடைய தளத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

நம் ஆட்கள் தடுமாறும் இடம் ஸ்டீல்ஸ் வீதி. தெற்குப் பக்கம் ரொறன்ரோ, வடக்குப் பக்கம் மார்க்கம். எதிரெதிரே இரண்டு பிளாசாக்கள் (கடைத்தொகுதிகள்) இருந்தாலும் சட்டம் வேறு. 'ஸ்காபரோ எல்லை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நம்பாதீர்கள், முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: நகரசபையிடம் எதைக் கேட்பது?

குறைவாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். சம்மதித்த நகரசபை கஞ்சாக் கடைக்கென்று தனி லைசன்ஸ் முறை வைக்க முடியாது, மற்றக் கடைகளில் இருந்து பிரித்துத் தனி நிலப்பயன்பாட்டு விதி போடவும் முடியாது. அந்த இடத்தில் சில்லறைக் கடை போடலாமா என்று மட்டும் பாருங்கள். கட்டட வேலைக்கான அனுமதிகள் எல்லாக் கடைக்கும் போலத்தான்.

படி 3: 150 மீற்றர்

பாடசாலையில் இருந்து 150 மீற்றருக்குள் கடை இருக்கக்கூடாது. படித்தால் சின்ன விதி. எங்கள் மூன்று மாத வாடகை இதில்தான் போனது.

நான் கூகுள் மப்பில் பாடசாலையின் முன்வாசலில் இருந்து கடை வாசலுக்குக் கோடு போட்டேன். 210 மீற்றர் வந்தது. மச்சானிடம் 'பிரச்சினை இல்லை' என்று சொன்னேன், அவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். விதி சொல்வதோ வேறு: கட்டடத்தில் பாடசாலை மட்டுமே அல்லது முக்கியமாக அதுவே இருந்தால், அதன் காணி எல்லையில் இருந்து அளக்க வேண்டும். அந்தப் பாடசாலையின் விளையாட்டு மைதானம் பிளாசாவின் பின்பக்கம் வரை நீண்டு வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை பின்பக்கக் குப்பைத் தொட்டிகளுக்கு அருகில் நின்று பார்த்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலியில் இருந்து அளந்தால் 130 மீற்றர்கூட இல்லை.

கூகுள் மப்பில் காணி எல்லைகள் தெரியாது. இந்த வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. நகரசபையின் இணைய வரைபடத்தைத் திறந்து, காணி எல்லைக் கோடுகள் தெரியும்படி வைத்து, பாடசாலைக் காணியின் மிகக் கிட்டிய மூலையில் இருந்து நேர்கோடு போடுங்கள். தெரு வழியாக நடந்துபோகும் தூரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். 180 மீற்றருக்குக் குறைந்தால் நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன். கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால் நில அளவையாளரைக் கூப்பிடுங்கள்.

அளந்து பார்க்க அலுப்பாக இருக்கும். ஆனால் அந்த வேலியைப் பார்த்த பிறகு இந்த விதி ஏன் இருக்கிறது என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

படி 4: ஒப்பந்தம்

'ஏஜிசிஓவின் கடை அனுமதி கிடைத்தால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும்' என்ற நிபந்தனையை வக்கீலைக் கொண்டு எழுதுவியுங்கள். கட்டட உரிமையாளர் மறுத்தால் வேறு இடம் பாருங்கள். கடை நான்கு சுவருக்குள் தனியாக இருக்க வேண்டும், இன்னொரு கடைக்குள்ளால் வாசல் இருக்கக்கூடாது. அதனால் பலசரக்குக் கடையின் ஒரு மூலையைத் தடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

படி 5: 15 நாள் அறிவிப்பு

கடை அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகு கடை வாசலில் அதுபற்றிய அறிவிப்பு ஒட்டப்படும், ஏஜிசிஓ தளத்திலும் வரும். அந்த ஊரில் வசிப்பவர்களும் நகரசபையும் 15 நாளுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பொதுமக்களின் சுகாதாரமும் பாதுகாப்பும், இளையோர் பாதுகாப்பு, கஞ்சா தொடர்பான சட்டவிரோத நடவடிக்கைகளைத் தடுப்பது, இந்த மூன்றுக்குள் வரும் கருத்துகள்தான் கணக்கு. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கஞ்சாக் கடை இருப்பது தடையல்ல. இரண்டு கடைகளுக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று மாகாண விதி இல்லை. அது வேண்டும் என்று நினைப்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது.

எங்கள் இரண்டாவது இடத்தில் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா அறிவிப்பை நின்று வாசித்தார். நானே போய்ப் பேசினேன். 19 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விட மாட்டோம் என்று சொன்னேன். 'அதை வாசலில் பெரிசா எழுதிப் போடுங்கோ தம்பி' என்றார். தமிழிலும் எழுதிப் போட்டோம்.

பின்சேர்க்கை: டியூஷன் வகுப்பும் பாடசாலைதானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் விட்டுவிட்டேன். தனியார் பாடசாலையும் இந்த விதிக்குள் வரும். பாடசாலை நாளில் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், கட்டாயக் கல்வி வயதை எட்டிய ஐந்து பேருக்கோ அதற்கு மேலோ ஆரம்ப, உயர்நிலைப் பாடங்கள் நடத்தினால் அது தனியார் பாடசாலை. மாலையில் மட்டும் நடக்கும் வகுப்பு அதில் வராது. ஆனால் சில இடங்களில் பெயர்ப்பலகையில் டியூஷன் என்று இருக்கும், பகலில் உயர்நிலைப் பாடம் நடக்கும். பிளாசாவின் மேல்மாடியில் அப்படி ஒன்று இருந்தால், அது பயன்படுத்தும் பகுதியின் எல்லையில் இருந்துதான் 150 மீற்றர். கல்வி அமைச்சின் தனியார் பாடசாலைப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். அப்புறம் ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு மாடி ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.