ரைசன் 5600: பயோஸ் ஏற்றிய அனுபவம்

பழைய பி450 மதர்போட்டில் ஏஎம்டியின் ரைசன் 5600 புரொசசரைப் பூட்டினேன். ஃபான் சுத்துது, திரையில் ஒன்றுமில்லை. ராமை மாற்றிக் குத்தினேன். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வேறு பவர் சப்ளை வாங்கிப் போட்டும் அசையவில்லை. பிரச்சினை பயோஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் போட்டின் மென்பொருள். பழைய பயோசுக்கு இந்தப் புரொசசரைத் தெரியாது. பென்டிரைவிலிருந்து புதிய பயோசை ஏற்ற, போட்டின் பின்பக்கம் ஃபிளாஷ் பட்டன் இருந்தது, ஆனால் அமத்தினால் விளக்கு கொஞ்சம் மின்னிவிட்டு நின்றுவிடும்.

காரணம் பென்டிரைவ். 64 ஜிபி என்பதால் எக்ஸ்ஃபாட் என்ற ஃபோர்மட்டில் இருந்தது; ஃபிளாஷ் பட்டனுக்கோ ஃபாட்32 ஃபோர்மட் வேண்டும். விண்டோசின் ஃபோர்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபாட்32-ஐக் காட்டவே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ட்டிஷனை அழித்து, 8 ஜிபி மட்டும் வெட்டி ஃபாட்32 ஆக்கினேன். புதிய பயோஸ் கோப்புக்கு மனுவலில் உள்ள பெயரையே வைத்து, அதற்கென்று குறித்த யூஎஸ்பி போர்ட்டில் செருகினேன். கரண்ட் போகலாமென்று யூபிஎஸ்ஸும் கொடுத்தேன். விளக்கு விடாமல் மின்னியது, பிறகு திரை வந்தது. அப்பாடா! பயோஸ் மாறியதில் அழிந்துபோன எக்ஸ்எம்பியை (ராமின் வேக அமைப்பு) மட்டும் திரும்பப் போட வேண்டியிருந்தது.