பழைய பொம்மைப் படக் கேசட்டை மீட்பது எப்படி? தூசியைத் துடைக்கலாம், கைரேகையை அல்ல

எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர். லீவுக்குப் புதுச்சேரி வரும்போதெல்லாம் பிரான்ஸ் டிவியில் பதிவு செய்த குழந்தைகள் நிகழ்ச்சிக் கேசட் கொண்டுவருவார். களிமண்ணிலும் கம்பளியிலும் செய்த பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்த ஸ்டாப் மோஷன் கதைகள். முத்தியால்பேட்டை வீட்டு டெக்கில் போட்டால் எல்லாமே கறுப்பு வெள்ளை. பொம்மைகளுக்குக் கலர் அடிக்க மறந்துவிட்டார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன வருடம் அவற்றை மீட்க உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. கலர் டிவிக்குப் பிரான்ஸில் அப்போது செகாம் முறை, நம்மூரில் பால் முறை (கறக்கிற பால் இல்லை). இரண்டிலும் 625 கோடு, நொடிக்கு 25 ஃப்ரேம் (அசையாத தனிப்படம்) என்பதால் படம் தெரிந்துவிடும். கலரை மட்டும் நம் டெக்கால் படிக்க முடியாது.

உங்கள் பரணிலும் இப்படி ஏதாவது கிடந்தால், எடுத்தவுடன் டெக்கில் தள்ளாதீர்கள். கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுருளின் விளிம்பில் கோலமாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. கடலோரத்து ஈரக்காற்றில் இது சகஜம். எங்கள் கேசட்டுகளில் இரண்டு, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது ஒழுகிய பரணில் நனைந்தவை. பூஞ்சை பிடித்ததை ஓட்டினால் அது டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைத் தனியே வையுங்கள், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சில நாள் வைத்தால் போதும். வெயிலில் காயவைக்காதீர்கள், இது வடகம் இல்லை.

கேசட்டுக்குப் பதில் 16 மி.மீ. ஃபிலிம் சுருளே கிடைத்தால் முதலில் மோந்து பாருங்கள். காடி வாசம் அடித்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதைய ஆரம்பித்துவிட்டது. அதை புரொஜெக்டரில் ஓட்டவே கூடாது. ஸ்கேன் செய்யும் லேபுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றுவது. பிரெஞ்சுக் கேசட்டுக்குப் பிரெஞ்சு செகாம் ஓட்டும் டெக்தான் வேண்டும். சண்டே மார்க்கெட்டில் மூன்று வாரம் அலைந்தும் கிடைக்காமல், கடைசியில் இன்னொரு சொல்தா குடும்பத்துப் பரணில் கிடைத்தது. டெக்கின் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் கேப்சர் கருவி ஒன்றை இணைத்து, விர்ச்சுவல்டப் மென்பொருளில் 720க்கு 576 புள்ளி அளவில், தரம் இழக்காத எஃப்எஃப்வி1 வடிவில் சேமியுங்கள். எடுத்த எடுப்பிலேயே எம்பி4 ஆக்கினால் இரைச்சலும் விவரமும் ஒன்றாகக் குழைந்துவிடும், அப்புறம் பிரிக்க முடியாது.

இங்கே தொடக்கக்காரர்கள் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். உடனே கோடுகளைக் குழைத்து ஒரே படமாக்கும் டீ-இன்டர்லேஸ் பொத்தானை அழுத்தத் தோன்றும். வேண்டாம். ஃபிலிமில் எடுத்த பொம்மைப் படத்தில் இரண்டு பாதியும் ஒரே படத்திலிருந்து வந்தவை, சேர்த்தாலே முழுப்படம். ஓரங்களில் சீப்புப் பல் போலத் தெரிந்தால் பாதிகள் ஜோடி மாறியிருக்கின்றன என்று அர்த்தம். ஃபீல்டு மேட்ச் செய்தால், அதாவது சரியான பாதிகளை மறுபடி ஜோடி சேர்த்தால், சரியாகிவிடும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. பெரும்பாலும் பொம்மையை ஒருமுறை நகர்த்தி இரண்டு ஃப்ரேம் எடுப்பார்கள். ஐந்து நிமிடக் கதையில் 7,500 ஃப்ரேம் என்றால், பொம்மையின் நிலைகள் சுமார் 3,750தான். அதாவது ஏறக்குறைய எல்லா ஃப்ரேமுக்கும் ஓர் இரட்டைப் பிறவி உண்டு. ஃபிலிம் தூசியும் டேப்பின் வெள்ளைக் கீற்றும் பெரும்பாலும் ஒன்றில்தான் விழுந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் மற்றதிலிருந்து வெட்டி ஒட்டுங்கள். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதைச் செய்யலாம். இரட்டையர் இருவரிலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி இருந்தால்? அது அநேகமாகப் படமெடுத்த மேசையிலேயே கிடந்த தூசி. அதற்கு நம்மைவிட வயது அதிகம், விட்டுவிடுங்கள்.

தானியங்கி தூசி நீக்கியை நம்பி முழுக்கதையையும் விடாதீர்கள். நான் விட்டேன். முயல் ஒரு சிவப்பு மணியை மேலே எறிகிற காட்சி. வேகத்துக்காக அங்கே மட்டும் ஃப்ரேமுக்கு ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். ஒரே ஃப்ரேமில் வந்து போவதால் மென்பொருள் மணியையும் தூசி என்று விழுங்கிவிட்டது. முயல் வெறும் காற்றை எறிந்து காற்றைப் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மகள்தான் கண்டுபிடித்தாள்: "மாமா, மணி எங்க?"

களிமண் முகத்தில் நெளியும் கட்டைவிரல் ரேகை, யாரோ தொட்டுத் தொட்டுச் சிலிர்த்திருக்கும் கம்பளி, பறவையைத் தாங்கும் நூல், இவை எதுவும் பழுது இல்லை. தெளிவாக்குகிறேன் என்று ஏஐ மென்பொருளில் பெரிதாக்கினால் முதலில் காணாமல் போவது இவைதான், முயல் பிளாஸ்டிக் ஆகிவிடும். ஃப்ரேம்களுக்கு நடுவே புதுப் படம் புகுத்தி நொடிக்கு 60 ஆக்குவதும் வேண்டாம். அந்தத் தத்தளிப்பில்தான் பொம்மைக்கு உயிர் இருக்கிறது.

கலருக்கு, பொம்மையின் வெள்ளைப் பகுதியைப் பார்த்துச் சமன் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஒலியை ஆடாசிட்டியில் கொஞ்சமாக இரைச்சல் நீக்குங்கள். அதிகம் நீக்கினால் குடத்துக்குள் பேசுவது போலாகும். தமிழ்க் குரல் சேர்ப்பதாக இருந்தால் மூல ஒலியைத் தனி டிராக்காக வைத்திருங்கள்.

வீட்டில் பார்க்க இது போதும். யூடியூபில் ஏற்ற வேண்டுமென்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. 1974இல் வந்தது 2034 கடைசி வரை. பிரான்ஸில் படைப்பாளிகள் இறந்து 70 ஆண்டு. கடிதம் எழுதும்போதே மூல ஃபிலிம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் வெளியீட்டுக்கு அதுதான், நம் கேசட்டுக்கு வேலையே இல்லை.

கடைசியாக ஒன்று. முடித்த படத்தை 4:3 அளவிலேயே விடுங்கள், அகல டிவிக்காகத் தலையை வெட்டாதீர்கள். அப்புறம் டிவி செட்டிங்கில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். எங்கள் வீட்டு டிவியில் அது தானாகவே ஆன் ஆகியிருந்தது. மூன்று மாதம் பாடுபட்டுக் காப்பாற்றிய முயல் சோப்பு நுரையில் வழுக்குவது போல ஓடியது.