நாடகம் போடும் புதுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வேலை முடித்துவிட்டு மாலையில் கூடி ஒத்திகை பார்க்கும் இளம் குழுக்கள் சில இப்போது கண்ணில் படுகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் நாடகம் போடும் அன்றைக்குப் போய் உட்கார்ந்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர்கள் செய்யும் தவறுகளில் ஒன்றாவது புதிதாக இருக்கக் கூடாதா? எல்லாம் எங்கள் காலத்துக் குழுக்கள் செய்து முடித்தவை.

வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள், ஒத்திகைக்கு நேரத்தோடு வாருங்கள், மேடையில் முதுகைக் காட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை உங்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் முதல் நாளே சொல்லியிருப்பார்.

நாடகத்துக்கு முன்னால் விழா வைப்பது

சமீபத்தில் கடலூரில் ஒரு புதுக் குழுவின் நாடகத்துக்குப் போயிருந்தேன். அழைப்பிதழில் மாலை 6.30 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆறே காலுக்கே முக்கால் அரங்கு நிரம்பிவிட்டது. புதுக் குழுவுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஆனால் சிறப்பு விருந்தினர் புதுச்சேரியிலிருந்து வரவேண்டும். மைக்கில் ஒரு தம்பி, "ஐயா அரியாங்குப்பம் தாண்டிவிட்டார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தவளக்குப்பம் வந்துவிட்டார்." அப்புறம் கிருமாம்பாக்கம். "இதோ, முள்ளோடை" என்றபோது ஏழரை மணி. பின்வரிசையில் யாரோ, "இறங்கி நடந்திருந்தாலே வந்திருப்பார்" என்றார். அன்றைக்கு அரங்கமே சேர்ந்து சிரித்தது அதற்குத்தான்.

வந்தார். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை, வாழ்த்துரை, பொன்னாடை. பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை. விளம்பரம் கொடுத்தவர், அவருடைய மைத்துனர், ஒலிபெருக்கிக்காரர் வரை ஒருவரும் விட்டுப்போகவில்லை. திரை விலகும்போது மணி எட்டே முக்கால்.

அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. ஐந்து மணிக்கே மேக்கப் போட்டுவிட்டு நிற்கிறார்கள். கடலோர ஊர்ப் புழுக்கம். மின்விசிறிக் காற்று எல்லோருக்கும் எட்டாது. பண்ணையாராக நடித்தவரின் மீசை ஒரு பக்கம் பிரிந்து, நாடகம் முழுக்க அவர் மேல் உதட்டைக் கடித்துக்கொண்டே வசனம் பேசினார். அவருடைய மகளாக நடிக்கவேண்டிய குழந்தை துணிப்பெட்டி மேல் படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்பி மேடைக்குத் தள்ளினால் அழாமல் என்ன செய்யும்?

கதை ஒரு நிலப் பத்திரம் காணாமல் போவது. நல்ல கதை, எழுதிய பையனுக்குக் கை இருக்கிறது. ஆனால் அரங்கத்தை ஒன்பதே முக்காலுக்குக் காலி செய்து கொடுக்கவேண்டும். காவலாளி பக்கவாட்டுக் கதவில் நின்று சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டுகிறார். மேடையோர மறைப்பான சைடு விங்கிலிருந்து வாத்தியார் விரலால் கத்தரி போட்டுக் காட்ட, பத்திரம் யார் பெட்டியிலிருந்து கிடைக்கிறது என்ற காட்சி அப்படியே போய்விட்டது. அடுத்த காட்சியில் தம்பி வந்து அண்ணன் காலில் விழுகிறான், அண்ணன் மன்னிக்கிறார், திரை. எதற்கு விழுந்தான், எதை மன்னித்தார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. பார்க்க மிச்சம் இருந்ததும் பாதிப் பேர்தான். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் போகிறவர்கள் பஸ்ஸை நினைத்து அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

இப்படிச் சொன்னால், "தெருக்கூத்து விடிய விடிய நடக்கவில்லையா அண்ணே?" என்று எதிர்க்கேள்வி வரும். பழைய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரையும் இழுப்பார்கள். அவர் 1922-ல் மறைந்தது புதுச்சேரியில். நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் நாடகம் போடும் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு சொந்தம் உண்டு. சரி, கூத்து விடிய விடியத்தான் நடக்கும். ஆனால் அங்கே ஊரே பாயோடு வந்து உட்கார்கிறது. தூங்கி எழுந்து மறுபடி பார்க்கிறது. அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரைக் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனோ கோமாளியான பபூனோ ஆட்டத்தோடு ஆட்டமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்காக நாற்காலி போட்டு ஆட்டத்தை நிறுத்தி வைப்பதில்லை. நம் வகைக் குழுக்களுக்கு முன்னோடி வேறு. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்கள். நடிப்பவர்களும் பார்ப்பவர்களும் அப்படித்தான் என்றால் கடிகாரத்தை மறக்க முடியாது.

திறந்தவெளி என்றால் சட்டமே குறுக்கே நிற்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வாழ்த்துரை தின்ற நேரத்தை இரவில் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அரங்க வாடகையில் கூடுதல் மணி, ஒளி அமைப்பாளருக்குக் கூடுதல் படி எல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. ஊர்க் குழுவுக்கு நடிக்கப் பெண்கள் கிடைப்பதே பெரும்பாடு. அம்மாவிடம் பேசி, அப்பாவிடம் பேசி, "ஒன்பதரைக்கெல்லாம் வீட்டில் விட்டுவிடுவோம்மா" என்று வாக்குக் கொடுத்து அழைத்து வருகிறோம். அந்தப் பெண் இரவு பதினொன்றரைக்கு, பாதி கலைத்த மேக்கப்போடு ஆட்டோவில் போய் இறங்கினால் அடுத்த நாடகத்துக்கு அந்த வீட்டுக் கதவு திறக்காது. நன்றாக நடித்த பெண்களை இப்படி இழந்த குழுக்களை எனக்குத் தெரியும். "பெண் பாத்திரமே இல்லாத கதையாகப் பார்" என்று அவர்கள் தேட ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

விருந்தினரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பணம் அவர்கள் வழியாகத்தான் வருகிறது, அது எனக்கும் தெரியும். நாடகத்தை முதலில் போடுங்கள். விருந்தினர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். முடிந்ததும் நடிகர்கள் வேஷத்தோடு நிற்க, அவர் மேடையேறிப் பத்து நிமிஷம் பேசட்டும். பார்த்ததைப் பற்றிப் பேசுவார். படமும் நன்றாக வரும். "அவருக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது" என்றால் ஆறு மணிக்கு வந்து விளக்கேற்றிவிட்டுக் கிளம்பட்டும். வரவில்லையா, குழுவில் மூத்த அம்மா யாராவது ஏற்றட்டும். நன்கொடையாளர் பெயரை வாசலில் பெரிய பேனராகக் கட்டிவிடுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். நாடகத்துக்கு நடுவில் நிறுத்தி, "இப்போது இவருக்குப் பொன்னாடை" என்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

வகுப்பறை அளவில் ஒத்திகை

ஒத்திகை பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ யாராவது வீட்டு மொட்டைமாடியிலோ நடக்கும். அங்கே கதவிலிருந்து நாற்காலிக்கு நாலு எட்டு. அரங்க மேடையில் அதே தூரம் பன்னிரண்டு எட்டு ஆகிவிடும். வசனம் முடிந்த பிறகும் ஆள் நடந்துகொண்டே இருப்பார். அரங்கத்தை முன்பதிவு செய்யப் போகும்போதே டேப்பை எடுத்துப் போய் மேடையின் அகலம், ஆழம், விங் இடைவெளி மூன்றையும் அளந்து வாருங்கள். அந்த அளவுக்குச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, முதல் வாரத்திலிருந்தே அதற்குள் நடக்கப் பழகுங்கள். வகுப்பறை போதவில்லை என்றால் பள்ளி மைதானத்தில் கோடு போடலாம்.

மாற்று ஆள் இல்லாமல் கிளம்புவது

நம் குழுக்களில் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவர் ஒருவராவது இருப்பார். கடைசி நேரத்தில் ஷிப்ட் மாறும். பாவம், அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு முக்கிய பாத்திரத்தின் வசனமும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். மறைவில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் இதற்கு ஏற்ற ஆள். எல்லோர் வசனமும் அவர் காதில் ஏறிப்போயிருக்கும். அதனால் நடிக்க வராதவரைப் பிராம்ப்டராக உட்கார வைக்காதீர்கள், நடிக்கத் தெரிந்தவரையே உட்கார வையுங்கள்.

நன்கொடை பாஸும் நாடக உரிமையும்

அடுத்தவர் எழுதிய நாடகத்தைப் போடும்போது, "நாங்கள் அமெச்சூர், தொழில்முறைக் குழு இல்லை, அனுமதி தேவையில்லை" என்கிறார்கள். பாதி உண்மை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, அமெச்சூர் குழு கட்டணம் செலுத்தாத பார்வையாளருக்கு நடத்தினால் அது மீறல் ஆகாது என்கிறது. கட்டணம் செலுத்தாத என்பதைக் கவனியுங்கள். "நன்கொடை பாஸ்" என்று அச்சடித்து வாசலில் கேட்டு வாங்கிவிட்டு, கட்டணம் வாங்கவில்லை என்று வாதாடுவது கஷ்டம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு இருக்கும். எதற்கு வம்பு? ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். ஊர்க் குழு என்றால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகத்தான் தருகிறார்கள்.

காலர் மைக்

விங்குக்குள் போனதும் அணைக்க ஒரு ஆள் வையுங்கள். "இந்த ஆள் எப்போ முடிப்பான்?" என்று ஒரு கதாநாயகி உள்ளே கேட்டது அரங்கம் முழுக்கக் கேட்டது.

குழுவைத் தொடங்கியவரே எப்போதும் கதாநாயகன்

ஐம்பது வயதில் கல்லூரி மாணவன் வேண்டாம் சார்.

மழை மாதத்தில் திறந்தவெளி மேடை

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மார்கழியையும் நம்பாதீர்கள்; தானே புயல் இங்கே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30.

கணக்கு

நாடகம் முடிந்த வாரத்துக்குள் எல்லோரையும் உட்கார வைத்து வரவு செலவைப் படியுங்கள். டீச் செலவு உட்பட.