டிரிஸ்டன் டா குன்ஹாவுக்கு மீண்டும் மீண்டும் செல்ல விரும்புவோருக்கு

தென் அட்லாண்டிக்கில், கேப் டவுனிலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவில் விமான நிலையம் கிடையாது. ஆண்டுக்குச் சில முறையே புறப்படும் கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்துதான் அங்கே போய்ச் சேர முடியும். பயணச்சீட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே தீவு நிர்வாகத்துக்கு எழுதி, தீவுச் சபையின் அனுமதியைப் பெற்றுவிடுங்கள். கடல் கொந்தளித்தால் சின்னஞ்சிறு கால்ஷாட் துறைமுகத்தில் இறங்க இயலாமல் கப்பலிலேயே காத்திருக்க நேரும் என்பதால், திரும்பும் தேதியை இறுக்கமாக வைத்துக்கொள்வது வீண்.

தங்குவதற்கு ஒரு குடும்பத்தின் வீட்டையே கேளுங்கள். வாழ்நாளெல்லாம் ஊர் சுற்றியவர்களுக்கு ஓரிடத்தைப் பார்த்து முடித்துவிட்டு நகரும் பழக்கம் உண்டு. 250 பேருக்கும் குறைவானவர்கள் வாழும் இந்த ஊரில் பார்த்து முடிக்க அதிகமில்லை, பழகத்தான் நிறைய இருக்கிறது. ஊருக்கு வெளியே 'பேட்சஸ்' எனப்படும் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் வேலைக்குக் கைகொடுக்க முன்வாருங்கள். மீன்பிடிக்க உகந்த நாளை அதிகாலையில் மணியடித்து அறிவிப்பார்கள். அன்று சிங்கி இறால் பிடிக்கப் பலரும் படகேறிவிடுவதால், மலையேற வழிகாட்டி கிடைக்கவில்லை என்று முகம் சுளிக்காதீர்கள். 1961-இல் எரிமலை வெடித்து ஊரார் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும், 1963-இல் பெரும்பாலோர் தாமே விரும்பித் திரும்பியதையும் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். முதியவர்களிடம் அதைத் துருவிக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பற்று முற்றினாலும் அங்கே நிலம் வாங்கிக் குடியேற வெளியாருக்கு வழியில்லை, ஏனெனில் நிலம் முழுவதும் தீவினரின் பொதுவுடைமை. கப்பலில் தீவினருக்கே முன்னுரிமை என்பதால், அடுத்த பயணத்துக்கு வெகு முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.