பழைய கைப்பேசியில் ஈசிஜி அலை பார்ப்பது எப்படி?

பயன்படுத்தாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று போதும், இதயத் துடிப்பின் அலையைத் திரையில் ஓடவிடலாம். நிரல் சில வரிகள்தான். நேரத்தைத் தின்பவை ஒட்டுப் பட்டைகளும் மின் இரைச்சலும்.

தேவையானவை: ஏடி8232 மாட்யூல் (இதயத்தின் மின்னலையைப் பிடித்துப் பெருக்கும் சிறு பலகை), அதனுடன் வரும் மூன்று முனைக் கேபிள், ஆர்டுயினோ நானோ (நிரல் ஏற்றக்கூடிய சிறு பலகை), அதன் யூஎஸ்பி கேபிள், ஓடிஜி அடாப்டர் (கைப்பேசியில் யூஎஸ்பி சாதனங்களைச் செருக உதவுவது), ஜம்பர் வயர் 6, ஜெல் தடவிய ஒட்டுப் பட்டைகள் (ஒரு தடவைக்கு 3). மின்னணுப் பாகங்களுக்கு சிங்கப்பூரின் சிம் லிம் டவர் பக்கம் போகலாம். அதற்கு முன் அடாப்டரில் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள்; கைப்பேசி அதைக் காட்டாவிட்டால் ஓடிஜி வசதி இல்லை, வேறு கைப்பேசி தேடுங்கள்.

மீறக் கூடாத விதி ஒன்று: பட்டைகள் உடம்பில் இருக்கும்போது கைப்பேசி சார்ஜரில் இருக்கக் கூடாது, நானோ கணினியோடு இணைந்திருக்கவும் கூடாது. பேட்டரி மட்டுமே. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

1. இணைப்பு. மாட்யூலின் 3.3 வோல்ட் முனை நானோவின் 3.3 வோல்ட்டுக்கு, 5 வோல்ட்டுக்குக் கொடுத்தால் மாட்யூல் போய்விடும். கிரவுண்ட் கிரவுண்டுக்கு. அவுட்புட் ஏ0-க்கு. எல்ஓ பிளஸ் டி10, எல்ஓ மைனஸ் டி11. ஆறாவது வயர் நானோவின் 3.3 வோல்ட்டிலிருந்து ஏரெஃப் முனைக்கு (நானோ எந்த மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்று சொல்லும் முனை).

2. நிரல். முதல் வரியிலேயே ஏரெஃப் வெளியிலிருந்து வருகிறது என்று அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் ஏ0-வைப் படித்தால் உள் மின்னழுத்தமும் வெளி மின்னழுத்தமும் மோதி சிப் பழுதாகலாம். பிறகு 4 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஏ0-வைப் படித்து, 115200 வேகத்தில் அனுப்புங்கள். டி10, டி11 இரண்டில் ஒன்று உயர்ந்தால் பட்டை கழன்றுவிட்டது என்று பொருள். அப்போது எண்ணுக்குப் பதில் ஆச்சரியக்குறி அனுப்பலாம்.

3. பட்டைகள். வலது, இடது கழுத்தெலும்புகளுக்குக் கீழே ஒவ்வொன்று, மூன்றாவது பட்டை வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே. கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, மாட்யூலில் ஆர்ஏ (வலது மேல் பட்டை), எல்ஏ (இடது மேல் பட்டை), ஆர்எல் (கீழ்ப் பட்டை) என அச்சிட்டிருக்கும் துளைகளோடு ஒப்பிடுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டையைத் தூக்கிவிடும். சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து, ஏர்கான் அறையில் ஒட்டுவது உத்தமம்.

4. திரை. நானோவை ஓடிஜி அடாப்டர் வழியாகக் கைப்பேசியில் செருகி, அது அனுப்பும் சீரியல் எண்களை வரைபடமாக்கும் ஆப் ஒன்றை நிறுவுங்கள். உங்கள் நானோவில் யூஎஸ்பி இணைப்பைக் கவனிப்பது சிஎச்340 சிப் என்றால், ஆப் அதை ஏற்கிறதா என்று பாருங்கள்.

அலை 512-ஐ ஒட்டி ஓட வேண்டும். தலைகீழாக இருந்தால் வலது, இடது முனைகள் மாறியிருக்கின்றன. கோடு மெல்லியதாக இல்லாமல் தடித்து நடுங்கினால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மின்விசிறி, ஒயர் பெட்டி இவற்றை விட்டுத் தள்ளி உட்காருங்கள். மூன்று கேபிள்களையும் முறுக்கிவிடுங்கள். அப்படியும் போகவில்லையா? கடைசி 5 அளவுகளின் சராசரியை அனுப்புங்கள். 5 × 4 என்பது 20 மில்லிவினாடி, 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று. மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். உச்சி சற்று மழுங்கும், பரவாயில்லை. கையை அசைத்தால் வரும் பெரிய அலைகளுக்கு மட்டும் மருந்தில்லை, அசையாமல் இருக்க வேண்டியதுதான்.

துடிப்பைக் கணக்கிட, இரண்டு உச்சிகளுக்கு இடையே எத்தனை அளவுகள் என்று எண்ணுங்கள். 200 வந்தால் 800 மில்லிவினாடி. 60000-ஐ 800-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 75.

இந்த மாட்யூலின் வடிகட்டி சுமார் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரைதான் விடுகிறது. துடிப்பை எண்ண அது போதும்; மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் போதாது. நெஞ்சு வலித்தால் திரையைப் பார்த்துக்கொண்டிராமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.