கட்-ஆஃப் 195 இருந்தாலும் சாய்ஸ் லிஸ்ட் நீளமாகவே இருக்கட்டும்

பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 98, இயற்பியல் 96, வேதியியல் 98 எடுத்த பிள்ளைக்குக் கட்-ஆஃப் 200க்கு 195 (கணிதம் முழுதாகவும், மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும்). அருமையான மதிப்பெண். ஆனால் கிண்டி, எம்.ஐ.டி., பி.எஸ்.ஜி. என்று மூன்று கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸை மட்டும் சாய்ஸ் லிஸ்ட்டில், அதாவது விருப்பப் பட்டியலில், போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த இடங்கள் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் கையில் எதுவும் இருக்காது. அடுத்த சுற்றில் மிச்சமிருப்பதில்தான் தேட வேண்டிவரும். நன்றாகப் படித்த பிள்ளைகள் இப்படி மாட்டிக்கொள்வதுதான் மனசுக்குக் கஷ்டம்.

கடந்த ஆண்டுகளில் இடங்கள் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தன என்பதை விட எந்த ரேங்கில் முடிந்தன என்று பாருங்கள். தேர்வு எளிதாக இருந்தால் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறும். அப்போது அதே 195க்கு ரேங்க் பின்னால் போய்விடும். உங்கள் சமூகப் பிரிவில் அந்தப் பாடம் எந்த ரேங்கில் முடிந்தது என்றும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசை முழுக்க உங்கள் விருப்பப்படிதான் இருக்க வேண்டும். கிடைக்காது என்று தோன்றும் கனவுக் கல்லூரியை முதலில் போடுவதால் நஷ்டமே இல்லை. வரிசையில் மேலே இருப்பதில் எது காலியோ அதைத்தான் கணினி ஒதுக்கும். நடுவில் ரேங்குக்குப் பொருந்துபவை, கீழே நிச்சயம் கிடைப்பவை. எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆனால் சேர மனமில்லாத கல்லூரியைக் கடைசியில்கூடப் போடாதீர்கள், அதுவே ஒதுக்கீடாகி வரலாம்.

பட்டியலை லாக் செய்யும் (இறுதியாக உறுதிசெய்யும்) முன் கல்லூரிக் குறியீட்டையும் பாடக் குறியீட்டையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருந்தால் கட்டணம் வேறுபடும்.